ஹிஜாஸ் இரயில் என்னும் வக்ஃபு

மதீனா முனவ்வராவுக்கு ஸியாரத் செல்லும் நம்மவர்கள் மஸ்ஜிதுன் நபவியில் தொழுது, ஸலாம் உரைத்து, ஜன்னத்துல் பகீயில் துஆச் செய்து, குபாவையும் உஹதையும் கண்டு, பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு திரும்பி விடுகின்றனர். ஹரம் ஷரீபுக்கு மேற்கே, நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், அன்பரிய்யா என்றொரு பகுதி இருக்கின்றது. அங்கே இரட்டை மினாராக்களுடன் துருக்கியர் பாணியில் ஒரு பள்ளிவாசல் நிற்கின்றது. அதன் அருகே கருங்கல்லால் எழுப்பப்பட்ட நீண்ட மாளிகை ஒன்று. முதன்முறை அதைக் கண்டபோது ஏதோ பழைய அரசு அலுவலகம் என்றுதான் நாம் எண்ணினோம். வளாகத்துக்குள் நுழைந்ததும் தண்டவாளம் கண்ணில் பட்டது. பழைய நீராவி எஞ்சினும் பெட்டிகளும் நின்றன. மாளிகை அருங்காட்சியகமாக்கப்பட்டிருந்தது. பார்க்க வந்திருந்தோர் மிகச் சிலரே.

திமிஷ்க் நகரில் தொடங்கி மதீனாவில் முடிந்த ஹிஜாஸ் இருப்புப் பாதையின் கடைசி நிலையம் அது. ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் மதீனாவை நோக்கி இன்று எந்த வண்டியும் ஓடுவதில்லை. பாதையின் தென்பாதி ஒரு நூற்றாண்டாகவே மணலில் கிடக்கின்றது. உலகில் கைவிடப்பட்ட இருப்புப் பாதைகள் எத்தனையோ உண்டு. சுரங்கம் வற்றினால் அதற்கு இட்ட பாதை போகும். பேருந்து வந்தால் சிற்றூர்ப் பாதை போகும். அவற்றுக்கெல்லாம் ஒரு கம்பெனியோ அரசாங்கமோ உடைமையாளராக இருந்தது. இலாபமும் நட்டமும் அவர்களோடு போயின. ஹிஜாஸ் இரயில் அப்படிப்பட்டதன்று. மராக்கோ முதல் இந்தியா வரை வாழ்ந்த முஸ்லிம்கள் கொடுத்த காசு அதில் கலந்திருந்தது. அதை வக்ஃபு என்று சொல்லியே கட்டினார்கள். வக்ஃபு பாழானால் அது யாருடையது என்ற கேள்வி ஃபிக்ஹு நூல்களில் பழைய கேள்வி. அன்பரிய்யாவில் அந்தத் தண்டவாளத்தின் மீது நின்றபோது அது நமக்குப் புதிய கேள்வியாகத் தோன்றியது.

இரயிலைப் பற்றிப் பேசுமுன் அது பதிக்கப்பட்ட வழியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஷாம் தேசத்து ஹாஜிகள் திமிஷ்க்கில் கூடி, அமீருல் ஹஜ்ஜின் தலைமையில், மஹ்மில் முன் செல்ல, ஒட்டகக் காஃபிலாவாகப் புறப்படுவார்கள். மஆன், தபூக், அல்உலா வழியாக மதீனாவை அடைய ஏறக்குறைய நாற்பது நாள் ஆகும். மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா தமது இருபத்திரண்டாம் வயதில், ஹிஜ்ரி 726 ஷவ்வாலில், இந்தக் காஃபிலாவோடுதான் முதல் ஹஜ்ஜுக்குச் சென்றார். தபூக்குக்கும் அல்உலாவுக்கும் இடைப்பட்ட பாலையைக் காஃபிலா இரவு பகலாக விரைந்து கடந்ததையும், ஓராண்டு வெப்பக்காற்று வீசித் தோல்பைகளிலிருந்த நீரெல்லாம் வற்றி ஹாஜிகள் மாண்டதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். அல்உலாவைப் பற்றி அவர் கூறும் இரண்டு செய்திகள் நம் மனத்தில் நிலைத்தவை. ஹாஜிகள் அங்கே சில நாள் தங்கி, மிகையான பொருள்களை ஊராரிடம் ஒப்படைத்துவிட்டு, தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே செல்வார்களாம். அவ்வூரார் அமானிதம் பேணுவோராம். ஷாம் நாட்டுக் கிறிஸ்தவ வணிகர்கள் அல்உலா வரை வந்து வியாபாரம் செய்வார்களாம். அதற்கு அப்பால் ஓரடியும் வைப்பதில்லையாம். இவ்விரு செய்திகளும் ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் இரயிலின் கதையில் மீண்டும் வருகின்றன. இப்னு பதூதா புறப்பட்டது கி.பி. 1326, இரயில் மதீனாவை அடைந்தது ஹிஜ்ரி 1326. இரண்டு ஆண்டுக் கணக்குகள் செய்த விளையாட்டுத்தான் அது; ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

துருக்கி சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது 1900ஆம் ஆண்டு மே மாதம் இந்த இருப்புப் பாதைக்கு ஆணை பிறப்பித்தார். அவருடைய செயலாளர்களில் ஒருவரும் திமிஷ்க்கைச் சேர்ந்தவருமான அஹ்மத் இஸ்ஸத் பாஷா இத்திட்டத்துக்கு முன்னின்று உழைத்தார். ஹாஜிகளின் துயர் தீர்ப்பது ஒரு நோக்கம். அது ஒன்றே நோக்கம் என்று நாம் எழுதினால் அது வரலாறாகாது. எகிப்து 1882 முதல் ஆங்கிலேயர் பிடியில் இருந்தது; சூயஸ் கால்வாயில் கப்பல் செலுத்தவும் அவர்கள் முகம் பார்க்க வேண்டியிருந்தது. யமனில் ஓயாத கலகம். படைகளைக் கடலைத் தொடாமல் தெற்கே அனுப்ப ஒரு வழி சுல்தானுக்குத் தேவைப்பட்டது. ஹரமைன் ஷரீஃபைனின் ஊழியர் என்ற பட்டத்தை உலக முஸ்லிம்களுக்கு நினைவூட்டவும் அவர் விரும்பினார். ஒரே செயலில் பக்தியும் அரசியலும் இருக்கக் கூடாது என்று யாரும் சட்டம் வகுக்கவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம். உஸ்மானிய அரசு அப்போது கடனில் மூழ்கியிருந்தது. 1881 முதல் அதன் வருவாயில் கணிசமான பகுதி ஐரோப்பியக் கடன்காரர்களின் நிர்வாகத்துக்குள் போய்விட்டது. பக்தாத் இரயில் ஜெர்மானிய வங்கியின் மூலதனத்தில் உருவானது. ஹிஜாஸ் இரயிலுக்கு மட்டும் அந்நிய முதலை அனுமதிப்பதில்லை என்று முடிவாயிற்று. புனித நகருக்குச் செல்லும் பாதை வட்டிக் கடனில் அமையக் கூடாது என்ற எண்ணம் அதில் இருந்தது. சுல்தான் தாமே முதல் நன்கொடை அளித்தார். நிக்கல், வெள்ளி, தங்கம் என்று மூன்று தரத்தில் பதக்கங்கள் அடிக்கப்பட்டு, கொடுத்தவர்களுக்கு அவரவர் கொடைக்கேற்ப வழங்கப்பட்டன. இந்தியாவில் அமிர்தசரஸிலிருந்து வெளிவந்த 'வகீல்' பத்திரிகையின் ஆசிரியர் முஹம்மது இன்ஷாஅல்லாஹ் இதற்காக ஓயாது எழுதிப் பணம் திரட்டினார். ஹைதராபாத்தில் முல்லா அப்துல் கையூம் இப்பணியை மேற்கொண்டார்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்திய ஹாஜி கப்பலேறி ஜித்தாவில் இறங்குபவர். திமிஷ்க்கிலிருந்து மதீனா வரும் இரயிலால் அவருக்கு நேரடிப் பயன் ஏதுமில்லை. அது மக்காவுக்கும் ஜித்தாவுக்கும் நீண்டால்தான் அவருக்கு உதவும். அவ்வாறு நீட்டப்படும் என்று சொல்லப்பட்டதும் உண்மையே. ஆயினும் தாம் ஏறாத வண்டிக்கு, தாம் காணாத பாலைவனத்தில் தண்டவாளம் இட, இந்நாட்டு முஸ்லிம்கள் கொடுத்தார்கள்.

மனமுவந்த நன்கொடை மொத்த வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மீதிக்கு அரசு பல வழிகளைக் கண்டது. அரசு ஊழியர்களின் ஊதியத்தில் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது. முத்திரைத் தாள், தபால் தலை வகையில் கூடுதல் கட்டணம் வாங்கினார்கள். குர்பானித் தோல்களை விற்ற பணமும் இரயிலுக்குப் போயிற்று. இந்தக் கடைசிச் செய்தியைப் படித்தபோது நமக்கு நம் ஓதும் காலம் நினைவுக்கு வந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் குத்பா முடிந்ததும் எங்களை இரண்டிரண்டு பேராகச் சைக்கிளில் தெருத் தெருவாக அனுப்புவார்கள். ஈரத் தோலைச் சாக்கில் சுற்றிப் பின்னால் கட்டிக்கொண்டு மாலையில் மத்ரஸா திரும்பும்போது புத்தாடையில் இரத்தக் கறை இருக்கும். அந்தத் தோல்களால்தான் அடுத்த ஆண்டு எங்கள் சோறு வெந்தது. அனடோலியாவின் ஏதோ ஒரு கிராமத்து வீட்டு வாசலில் கழற்றப்பட்ட தோல், தபூக்கின் தெற்கே ஒரு சாண் தண்டவாளமாயிற்று என்று எண்ணிப் பார்க்க நமக்கு அதிக முயற்சி தேவைப்படவில்லை.

கட்டாயமாகப் பிடித்த பணம் வக்ஃபாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அரசு வரியைப் பொதுநன்மைக்குச் செலவிடுவது வேறு, தனி மனிதன் தன் பொருளை அல்லாஹ்வுக்காக நிறுத்தி வைப்பது வேறு. ஆனால் இங்கே இரண்டு வகைப் பணமும் ஒரே இரும்பில் உருகிக் கலந்துவிட்டன. இனிப் பிரித்தெடுக்க வழியில்லை.

1900 செப்டம்பர் 1 அன்று வேலை தொடங்கிற்று. அந்நாள் சுல்தான் அரியணை ஏறிய நாளின் கொண்டாட்டம். பின்னர் ஒவ்வொரு பகுதியையும் அதே நாளில் திறப்பதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். 1904 செப்டம்பரில் மஆன், 1906இல் தபூக், 1907இல் மதாயின் ஸாலிஹ், 1908இல் மதீனா. இடையே 1905இல் ஹைஃபாத் துறைமுகத்துக்கு ஒரு கிளைப் பாதை அமைந்தது. பெய்ரூத் வழியாகச் சாமான் கொண்டுவந்தால் பிரெஞ்சுக் கம்பெனியின் இரயிலுக்குக் கூலி அழ வேண்டியிருந்ததே அதற்குக் காரணம். தண்டவாளங்களுக்கிடையே 1,050 மில்லிமீட்டர் அகலம். நம் தமிழகத்தில் நெடுங்காலம் ஓடிய மீட்டர் கேஜ் வண்டிப் பாதையைவிட ஐந்து சென்டிமீட்டர்தான் கூடுதல். ஆக, அந்த வண்டியின் அளவு எப்படியிருந்திருக்கும் என்று நம் வயதினருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தலைமைப் பொறியாளர் மைஸ்னர் என்ற ஜெர்மானியர். பாதை மஆனை அடைந்ததும் சுல்தான் அவருக்குப் பாஷா பட்டம் அளித்தார். உழைத்தவர்கள் பெரும்பாலும் உஸ்மானியப் படைவீரர்கள். மண்வெட்டி பிடித்தால் படைச்சேவைக் காலம் குறையும் என்பது அவர்களுக்குக் கூறப்பட்ட ஆசை. குடிநீர் இரயிலிலேயே வர வேண்டும். பசிய காய்கறி கிடையாது. காலராவும் ஈறு கரையும் நோயும் அவர்களில் பலரைக் கொண்டுபோயின. மரத்தாலான குறுக்குக் கட்டைகள் வெயிலில் வெடித்தன. விறகுக்காகப் பெயர்த்துச் செல்லப்பட்டன. எனவே பாலைப் பகுதியில் இரும்பாலேயே குறுக்குக் கட்டைகளை இட்டார்கள். ஏறத்தாழ இருபது கிலோமீட்டருக்கு ஒன்றாக நிலையங்கள் எழுந்தன. கனத்த கற்சுவரும் துப்பாக்கி நீட்டும் துளைகளும் கொண்ட அவை நிலையங்கள் என்பதைவிடச் சிறு கோட்டைகள் என்பதே பொருத்தம்.

அல்உலாவை நெருங்கியதும் பழைய எல்லை மீண்டும் வந்தது. அதற்குத் தெற்கே முஸ்லிமல்லாதார் செல்வதற்கில்லை. ஆகவே கடைசி முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரை முக்தார் பே என்னும் துருக்கியப் பொறியாளரின் கீழ் முஸ்லிம் பொறியாளர்களும் வீரர்களுமே அமைத்தார்கள். ஐரோப்பியர் துணையின்றி அவர்களால் முடியாது என்று சொன்னவர்கள் அன்று பலர். குறித்த நாளில் முடித்துக் காட்டினார்கள். இன்று நம் சமுதாயத்தில் கல்வியைப் பற்றிப் பேசும் மேடைகளில் கொர்தோவாவும் பக்தாதும் ஆயிரம் தடவை வருகின்றன. இந்த முக்தார் பேயை யாரும் ஒரு தடவையாவது நினைப்பதாகத் தெரியவில்லை.

மதாயின் ஸாலிஹைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ஸாலிஹ் நபி (அலை) அவர்களின் கூட்டத்தாரான தமூதுகள் வாழ்ந்த அல்ஹிஜ்ர். ஹிஜ்ரி 9இல் தபூக் பயணத்தின்போது அவ்விடத்தைக் கடந்த பெருமானார் (ஸல்) அவர்கள், அங்குள்ள கிணற்று நீரைப் பருக வேண்டாம் என்று தோழர்களைத் தடுத்து, விரைந்து கடந்து சென்றார்கள் என்பது ஹதீஸ்களில் வருவது. அதே இடத்தில் இரயிலுக்குப் பெரிய நிலையமும் எஞ்சின் கொட்டகையும் எழுந்தன. விரைந்து கடக்கச் சொன்ன இடத்தில் வண்டி நின்று இளைப்பாறிற்று.

1908 ஆகஸ்ட் இறுதியில் முதல் வண்டி மதீனாவுக்குள் நுழைந்தது. செப்டம்பர் 1 அன்று திறப்பு விழா நடந்தது. நாற்பது நாள் பயணம் மூன்று, நான்கு நாளாகச் சுருங்கிற்று. ஆனால் அந்த ஆண்டு ஜூலையிலேயே இளந்துருக்கியர் புரட்சி நிகழ்ந்து சுல்தானின் அதிகாரம் ஒடுங்கிவிட்டது. 1909 ஏப்ரலில் அவர் பதவியிழந்தார்.

மக்காவுக்குப் பாதை ஏன் போகவில்லை? இங்கே நாம் பதவீ அரபிகளின் பக்கத்தையும் கேட்க வேண்டும். கொள்ளையர் என்று ஒரே சொல்லில் அவர்களைத் தள்ளிவிடுவது எளிது. நூற்றாண்டுகளாக அவர்கள் பிழைப்பு காஃபிலாவோடு பின்னிக் கிடந்தது. ஒட்டகம் வாடகைக்கு விடுவது, வழி காட்டுவது, கிணறு காப்பது, பாதுகாப்பாகக் கடந்து செல்ல விடுவதற்காக இஸ்தன்பூலிலிருந்து வரும் ஸுர்ரா என்னும் பணமுடிப்பைப் பெறுவது, இவையே அவர்கள் வருவாய். நாற்பது நாளில் ஒட்டகம் ஈட்டியதை நான்கு நாளில் எஞ்சின் விழுங்கப்போகிறது என்றால் அவர்கள் பேசாமல் இருப்பார்களா? 1908இல் பாதை மதீனாவை நெருங்க நெருங்க ஹர்ப் முதலிய கோத்திரத்தார் தாக்கினார்கள். மக்கா ஷரீஃபுக்கும், இரயில் வந்தால் இஸ்தன்பூலின் கை தம் கழுத்து வரை நீளும் என்ற அச்சம் இருந்தது. அரசு அவர்கள் பிழைப்புக்கு ஒரு மாற்று வழி வகுத்திருந்தால் கதை வேறு விதமாகப் போயிருக்கலாம் என்பது நம் எண்ணம். பாதை மதீனாவோடு நின்றது. இந்திய ஹாஜி ஜித்தாவில் இறங்கி முன்போலவே ஒட்டகம் ஏறினார்.

முழு அமைதியாக அந்த இரயில் ஓடியது ஆறே ஆண்டுகள். 1914இல் முதல் உலகப் போர் மூண்டது. 1916 ஜூனில் ஷரீஃப் ஹுஸைன் துருக்கியருக்கு எதிராக எழுந்தார். அவர் மக்கள் அலீ, அப்துல்லாஹ், ஃபைஸல் ஆகியோரின் படைகளும் ஆங்கிலேய, பிரெஞ்சு அதிகாரிகளும் பாதையை வெடிவைத்துத் தகர்க்கலானார்கள். அவர்களில் ஒருவரான லாரன்ஸின் புகழ் 1962இல் வந்த திரைப்படத்தால் உலகெங்கும் பரவிற்று. அன்று முதல் ஹிஜாஸ் இரயிலை லாரன்ஸ் அழித்தார் என்றே பலரும் எழுதி வருகின்றனர். நம் பத்திரிகைகளிலும் அப்படியே வருகிறது. ஆங்கிலேயச் சூழ்ச்சி என்று கைகாட்டிவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை அல்லவா!

நடந்தது வேறு. இரவில் பெயர்த்த பாதையைத் துருக்கி வீரர்கள் பகலில் சீர் செய்தார்கள். இரண்டு ஆண்டுகள் இப்படியே நடந்தது. 1918 ஏப்ரலில் மஆனுக்குத் தெற்கே நெடுந்தூரம் பாதை பாழாக்கப்பட்ட பிறகுதான் மதீனா முற்றிலும் துண்டாயிற்று. அங்கே ஃபக்ரீ பாஷா 1919 ஜனவரி வரை, இஸ்தன்பூல் சரணடைந்த பின்னும் கூட, நகரை ஒப்படைக்காமல் நின்றார். அவரைப் போற்றுவோர் உண்டு. மதீனாவாசிகளின் நினைவில் அக்காலம் வேறு விதமாகப் பதிந்திருக்கிறது. முற்றுகைக்கு உணவு போதாதென்று நகர மக்கள் பெரும்பாலோர் இரயிலேற்றி ஷாமுக்கு அனுப்பப்பட்டார்கள். குடும்பங்கள் சிதறின, பலர் திரும்பவேயில்லை. ஸஃபர்பர்லிக் என்று அந்நாளைக் குறிப்பிடுவார்கள். ரவ்ழா ஷரீஃபின் பொக்கிஷங்களும் 1917இல் அதே இரயிலில் இஸ்தன்பூல் சென்றன. இன்று அவை தோப்காபி அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மதீனாவுக்கு மக்களைக் கொண்டுவரக் கட்டிய வண்டி, மதீனாவின் மக்களை வெளியே கொண்டுபோயிற்று. விறகுக்காக வழியெங்கும் மரங்கள் வீழ்ந்தன. நிலக்கரி வராத காலத்தில் எஞ்சின் ஒலிவ மரத்தையும் தின்றது.

போர் முடிந்ததும் பாதையை மீண்டும் ஒட்டிச் சேர்த்தார்கள். 1920 நவம்பரில் அமீர் அப்துல்லாஹ் மதீனாவிலிருந்து மஆனுக்கு வந்து சேர்ந்தது இரயிலில்தான். அந்தப் பயணத்திலிருந்துதான் இன்றைய ஜோர்தான் அரசு பிறந்தது. வெடியால் இறந்திருந்தால் அந்தப் பாதையில் அவர் எப்படி வந்திருப்பார்? ஆகவே இரயிலைக் கொன்றவை வேறு. ஒரே பாதை நான்கு துண்டாயிற்று. சிரியாவில் பிரெஞ்சுக்காரர், பாலஸ்தீனத்திலும் கிழக்கு ஜோர்தானிலும் ஆங்கிலேயர், ஹிஜாஸில் முதலில் ஷரீஃப், 1925 இறுதிக்குப் பின் இப்னு ஸஊத். வருவாய் தரும் துண்டை வைத்திருந்தவர்கள் வருவாய் தராத பாலைத் துண்டுக்குக் காசு தர மறுத்தார்கள். 1923 ஜனவரியில், லோஸான் மாநாட்டின்போது, இந்த இரயில் சமயத் தன்மை வாய்ந்தது என்றும், அதைப் பேணி ஹாஜிகளுக்கு உதவ மதீனாவில் முஸ்லிம்களின் ஆலோசனைக் குழு ஒன்று அமையலாம் என்றும் பிரிட்டனும் பிரான்சும் அறிவித்தன. அறிவிப்பு காகிதத்தோடு நின்றது. 1931 டிசம்பரில் பைத்துல் முகத்தஸில் கூடிய உலக முஸ்லிம் மாநாட்டிலும் இந்த இரயிலை முஸ்லிம்களிடம் ஒப்படைக்க வேண்டுமென்ற குரல் எழுந்தது. இந்தியாவிலிருந்து மௌலானா ஷௌகத் அலியும் அல்லாமா இக்பாலும் அந்த மாநாட்டில் கலந்துகொண்டார்கள். அதற்குள் மழைவெள்ளம் அணைக்கரைகளை அரித்துவிட்டது. ஜித்தாவிலிருந்து மோட்டார் வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன.

அதன் பின் நடந்தவற்றை விரிக்க வேண்டியதில்லை. 1946இல் யர்மூக் ஆற்றின் மேலிருந்த பாலம் தகர்க்கப்பட்டு ஹைஃபாக் கிளை அறுந்தது. 1960களில் தென்பாதியைப் புதுப்பிக்க மூன்று அரபு நாடுகளும் சேர்ந்து முயன்றன. மணல் அகற்றிப் பணி நடந்துகொண்டிருந்தபோதே 1967 போர் வந்தது; முயற்சி கைவிடப்பட்டது. ஜோர்தானின் தெற்கே ஒரு துண்டு மட்டும் 1975இல் அகபாத் துறைமுகத்துக்குப் புதிதாக இட்ட பாதையோடு இணைந்து, பாஸ்பேட் உப்பு சுமக்கலாயிற்று. திமிஷ்க்குக்கும் அம்மானுக்கும் இடையே சிறிது காலம் ஓடிய வண்டியும் சிரியாவில் 2011இல் மூண்ட உள்நாட்டுப் போரில் நின்றது.

தண்டவாளமும் குறுக்குக் கட்டையும் என்னவாயின என்பதற்கு விடை பாலையிலேயே கிடைக்கிறது. ஆட்டுப் பட்டிக்கு வேலிக் கால். வீட்டுக் கூரைக்கு உத்திரம். காஃபிலாப் பணம் இழந்தவர்களின் பேரன்மார் தண்டவாள இரும்பால் கூரை வேய்ந்துகொண்டார்கள் என்றால் அதைத் திருட்டு என்று சொல்ல நம் நாவு எழவில்லை. அணைக்கரை மட்டும் இரும்பின்றி நீண்டு கிடக்கிறது. மதீனாவின் வடக்கே சில இடங்களில் எஞ்சின்கள் கவிழ்ந்த நிலையிலேயே மணலுக்குள் கிடப்பதைப் படங்களில் காணலாம். மதாயின் ஸாலிஹ் நிலையத்தைப் பழுது பார்த்துக் காட்சிக்கு வைத்திருக்கின்றனர். ஸவூதி அரசு 2015இல் இப்பாதையை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தது. மதீனாவை மக்காவோடும் ஜித்தாவோடும் இணைக்கும் இரயில், அப்துல் ஹமீது ஆணையிட்டு நூற்றுப்பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 2018இல் ஓடத் தொடங்கிற்று. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம். நாமும் அதில் ஏறினோம். வசதியாகத்தான் இருந்தது. அது அரசின் பணத்தில் அரசு கட்டியது. அதன் உடைமையாளர் யாரென்று யாரும் கேட்கத் தேவையில்லை.

பழையதன் உடைமையாளர் யார்? ஹனஃபீ நூல்களில் ஒரு மஸ்அலா உண்டு. ஊர் பாழாகி, தொழுவார் இல்லாமல் போன பள்ளிவாசலின் நிலை என்ன? இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களிடத்தில் அது இறுதிநாள் வரை பள்ளிவாசலே. இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களிடத்தில் அது கட்டியவருக்கோ, அவர் இல்லையேல் அவர் வாரிசுகளுக்கோ திரும்பிவிடும். ஷாஃபிஈ மத்ஹபில் இடிந்தாலும் அதன் வக்ஃபுத் தன்மை நீங்காது. ஹன்பலீ மத்ஹபில் விற்று, அந்தப் பணத்தில் வேறிடத்தில் அதே நற்காரியத்தை நிறுவலாம். எஞ்சினும் பெட்டியும் போன்ற அசையும் பொருள்களை வக்ஃபு செய்யலாமா என்பது வேறொரு விவாதம்; மக்கள் வழக்கில் உள்ளவற்றை வக்ஃபு செய்யலாம் என்பது இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் கூற்று.

ஊர் திரும்பிய பின் வக்ஃபுப் பாடம் வந்தபோது, பள்ளிவாசலை உதாரணமாகச் சொல்லாமல் இந்த இரயிலைச் சொல்லிப் பாடம் நடத்தினோம். மாணவர்கள் வழக்கத்தைவிடக் கவனமாகக் கேட்டார்கள். இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் கூற்றுப்படி என்று தொடங்கியதும் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"அப்படியானால் ஹஜ்ரத், நம் நாட்டிலிருந்து கொடுத்தவர்களின் வாரிசுகளுக்கும் அதில் பங்கு உண்டல்லவா?"

உண்டு என்றோம்.

"எங்கள் பூட்டனார் கொடுத்திருந்தால்?"

கொடுத்தாரா என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. வகுப்பில் வேறு எவருக்கும் தம் பூட்டனார் என்ன கொடுத்தார் என்று தெரியவில்லை. சிலருக்கு அவர் பெயரே தெரியவில்லை. நம்மைப் பற்றியும் யோசித்துப் பார்த்தோம், நமக்கும் தெரியாது. வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி ஒன்று இருப்பதாகவும், வியாழன் மாலை ஊருக்குப் போகும்போது திறந்து பார்த்து வருவதாகவும் அந்த மாணவர் சொன்னார். பாடம் அத்துடன் அஸருக்கு நின்றது.